பூவுக்குக் குனி, குருவிக்குக் குந்து: வன்னிக் குளக்கட்டு வழிய நடந்து படம் எடுக்கிற ஆக்களுக்கு

நாலைஞ்சு பேராச் சேர்ந்து குளம், வயல், காட்டு ஓரம் எண்டு நடந்து படம் எடுப்பம் எண்டு வெளிக்கிடுற ஆக்கள் முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். பூவும் குருவியும் ஒரே நடையில கிடைக்கும், ஆனா ரெண்டுக்கும் நாங்கள் செய்யவேண்டிய வேலை நேர் எதிர். பூவிட்ட நாங்கள்தான் போகவேணும், கிட்டப் போய்க் குனிஞ்சு, தேவையெண்டால் மண்ணில படுத்தும் எடுக்கவேணும். குருவியிட்ட அப்பிடிப் போனா அது எழும்பி அடுத்த மரத்துக்குப் போயிடும், நாங்கள் அந்த மரத்துக்குப் போக அது அதுக்கு அடுத்த மரத்துக்குப் போகும், கடைசியில எல்லாரிட்டயும் இருக்கிறது குருவியின்ர பின்பக்கப் படம்தான். குருவிக்கு ஓரிடத்தில குந்தியிருந்து அதை வரவிட வேணும். ஒரு கூட்டமாப் போறதில உள்ள வசதியே இதுதான், கொஞ்சப் பேர் குந்தியிருக்க மற்ற ஆக்கள் பூவுக்குப் போகலாம், பிறகு மாறலாம்.

ஆனபடியால் நடக்கிற தூரத்தைக் குறையுங்கோ. காலமை முழுக்க ஒரே குளத்தின்ர கட்டும், அதுக்குக் கீழ இருக்கிற வாய்க்காலும், நாலு வயல் வரம்பும் காணும். மோட்டச்சைக்கிளில ஒரு நாளில மூண்டு குளம் ஓடிப்பாக்கிறது ஊர் சுத்தத்தான் சரி, படத்துக்குச் சரிவராது.

எப்ப, எங்க

மழை விழுந்து ரெண்டு மூண்டு கிழமையில வன்னி நிலம் மாறுற மாதிரி வேற இடத்தில நான் கண்டதில்லை. ஐப்பசி மழையோட பற்றை எல்லாம் எழும்பும், கார்த்திகை மார்கழியில கார்த்திகைப் பூ பற்றைக்கு மேல ஏறி நிக்கும், வரம்போரத்தில தும்பை வெள்ளையாப் பூத்துக் கிடக்கும், குளத்து ஓரச் சேத்தில நீர்முள்ளி ஊதாவா வரும். புரட்டாசியில இருந்து வெளிநாட்டுப் பறவையள் வந்து சேரத்தொடங்கும், சித்திரை மட்டும் நிண்டுபோட்டுத்தான் திரும்பும். ரெண்டையும் சேத்துப் பாத்தா தையும் மாசியும்தான் எனக்குப் பிடிச்ச காலம், மழை விட்டிருக்கும், பச்சை போயிருக்காது, காலமை வெயில் சுடாது. கோடையில வேற விதமான வசதி, குளம் வத்த வத்த இருக்கிற கொஞ்சத் தண்ணியைச் சுத்தி எல்லாப் பறவையும் குவியும், அலைகரையில நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஒரே குட்டையில மீன் பிடிக்கிறதைக் காணலாம். பூவுக்குக் கோடையில ஆவரசும் கொன்றையும் இருக்கு, அது காணும்.

இன்னொரு காலம் கனக்கப் பேர் விடுறது, பெரும்போகத்துக்கு உழவு தொடங்கிற கிழமையள். ட்ரக்டர் உழுதுகொண்டு போகப் பின்னால கொக்குக் கூட்டம் நடந்து வரும், அந்த நேரம் அதுகளுக்கு மனிசர் கண்ணிலயே படாது, புழுவும் பூச்சியும்தான் முக்கியம், போனிலயே நல்ல படம் எடுக்கலாம். வயல்காரரிட்ட ஒரு வார்த்தை கேட்டிட்டு வரம்பில குந்துங்கோ, விதைச்ச வயலுக்குள்ள இறங்காதேங்கோ.

இடம் எண்டு பாத்தா வன்னியில குளத்துக்குப் பஞ்சமில்லை. கிளிநொச்சிப் பக்கம் இரணைமடு, அக்கராயன், முல்லைத்தீவுப் பக்கம் முத்தையன்கட்டு, துணுக்காய்ப் பக்கம் வவுனிக்குளம், மன்னாருக்குக் கட்டுக்கரை. கடல்நீரேரி வேணுமெண்டால் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம். சுண்டிக்குளம் 1938 இலயே சரணாலயம், 2015 இல தேசியப் பூங்கா ஆக்கினது. மன்னாரில வங்காலை 2008 இல சரணாலயமாகி 2010 இல ராம்சார் எண்ட உலக ஈரநிலப் பட்டியலுக்குள்ள போனது, 4839 ஹெக்டேர். மன்னார்த் தீவுக்குப் போற பாலத்து றோட்டுக்கு ரெண்டு பக்கமும் அதின்ர தண்ணிதான், மாரி கழியப் போனா ஊசிவால் வாத்தும் பூநாரையும் றோட்டில நிண்டே தெரியும். பூநாரைக்கு வாகனத்தை விட்டு இறங்காமல் எடுங்கோ, அங்க வாகனத்துக்குப் பழகின பறவை கூட மனிசர் ரெண்டு காலில இறங்கினா விலகிப் போகும், பஸ் வேகமா வாற றோட்டு எண்டதையும் மறக்காதேங்கோ.

ஆனா நான் முதல்ல வாற ஆக்களுக்குச் சொல்லுறது உங்கட ஊர்க் குளம்தான். பேர் போன இடத்தில பறவை கனக்க நிக்கும், ஆனா தூர நிக்கும். ஊர்க் குளத்தில மாடு கழுவுற ஆக்களையும் தூண்டில் போடுற பெடியளையும் பாத்துப் பழகின கொக்கு பத்தடியில நிக்கும்.

வெளிச்சமும் காத்தும்

விடிஞ்ச நேரத்தில இருந்து ஒரு ஒன்பது மணி மட்டும் பறவைக்கு, அதுக்குப் பிறகு பூவுக்கு எண்டு பிரிச்சா லேசு. ஆனா எல்லாப் பூவுக்கும் அந்தக் கணக்குச் சரிவராது. வெள்ளை அல்லி இரவில விரிஞ்சு வெயில் ஏறக் கூம்பிப்போகும், அதை விடிய எடுக்கவேணும். நீலோற்பலம் அதுக்கு எதிர், வெயில் வந்தாப் பிறகுதான் விரியும். தரையோட கிடக்கிற விஷ்ணுகிராந்தி, சின்ன நீலப் பூ, மத்தியானத்துக்குப் பிறகு தேடினால் கிடைக்காது, மூடியிருக்கும். வெட்டையான இடத்தில, குறிப்பா மன்னார்ப் பக்கம், வெயில் ஏறினாப் பிறகு நிலத்துக்கு மேல காத்து நெளியத் தொடங்கும், கானல். அதுக்குள்ளால சூம் பண்ணி எடுத்த படம் எவ்வளவு நல்ல கமராவெண்டாலும் கலங்கித்தான் வரும், லென்ஸைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கவேணும் எண்டது எல்லாரும் சொல்லுறதுதான், ஆனா காத்தைப் பற்றி ஆரும் சொல்லுறதில்லை. பறவை இருக்கிறதும் எழும்புறதும் இறங்குறதும் காத்துக்கு முகம் குடுத்துத்தான். வாடைக் காலத்தில காத்து வடகிழக்கில இருந்து வரும், காலமைச் சூரியனும் கிழக்குப் பக்கம்தான், அப்ப நீங்கள் கிழக்குப் பக்கம் நிண்டு மேற்கப் பாத்தீங்களெண்டால் வெளிச்சமும் உங்களுக்குப் பின்னால, பறவையின்ர முகமும் உங்களைப் பாத்து. எழும்பினாலும் உங்கட பக்கமாத்தான் எழும்பும். சோளகக் காலத்தில காத்து தென்மேற்கில இருந்து வாறபடியால் காலமையில அது முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கும், அந்த மாசங்களில பின்னேரம்தான் நல்லது. இதைக் கணக்குப் பாத்துப் போனா அரைவாசி வேலை வீட்டிலயே முடிஞ்சுது.

இரணைமடுவுக்குப் போறவைக்கு ஒரு குறிப்பு. கட்டு குளத்தின்ர வடக்குப் பக்கம் இருக்கு, கட்டில நிண்டு தண்ணியைப் பாத்தா நீங்கள் தெற்கப் பாக்கிறியள். மார்கழி தையில சூரியன் தெற்குப் பக்கமாச் சரிஞ்சுதான் போகும், வெயில் ஏறினாப் பிறகு எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாத்தான் விழும். அப்ப திரும்பி நிண்டு கட்டுக்குக் கீழ இருக்கிற வாய்க்கால், வயல் பக்கம் பாருங்கோ, வெளிச்சம் அங்கதான் விழுது, மீன்கொத்தியும் அங்கதான் கனக்க இருக்கு.

எதால எடுக்கிறது

கையில இருக்கிறதால எடுங்கோ. பூவுக்குப் போன் தாராளம். பறவைக்குப் போன் காணாது எண்டது உண்மை, ஆனா பைனாகுலர் ஒண்டு இருந்தா அதின்ர கண்வைக்கிற துவாரத்தில போன் லென்ஸை நேரா வைச்சு எடுத்துப் பாருங்கோ, குளத்து நடுவில பட்ட மரத்தில இருக்கிற நீர்க்காகம் அடையாளம் காணுற அளவுக்கு வரும், கை பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கமரா வாங்கிற எண்ணம் இருந்தா லென்ஸ் மாத்தாத சூம் கமராவள் தொடங்கிற ஆக்களுக்கு நல்லது, நிக்கோன் பி900 மாதிரி 83 மடங்கு சூம் உள்ளதுகள் பழசா விலைக்கு வரும். பெரிய லென்ஸ் வாங்கி அதைத் தூக்கிக்கொண்டு நடக்க ஏலாமல் வீட்டில வைக்கிறதிலும் பாக்க இது மேல்.

வன்னி மண்ணில நடந்தா செம்மண் தூசி லென்ஸில படியும். போன் லென்ஸை ஒவ்வொரு தரமும் சுத்தமான சீலைத் துண்டால மெல்லத் துடையுங்கோ, வியர்த்த சேட்டால தேய்க்காதேங்கோ. படம் புகை அடிச்ச மாதிரி வருகுது எண்டு சொல்லுற ஆக்களில முக்காவாசிப் பேருக்கு இதுதான் வருத்தம்.

பூ

பூவில எல்லாரும் விடுறது ஒண்டு, நிண்ட உயரத்தில இருந்து கீழ பாத்து எடுக்கிறது. அப்பிடி எடுத்தா பின்னால தெரியிறது மண்ணும் சருகும் மாட்டுச் சாணமும். பூவின்ர உயரத்துக்கு இறங்குங்கோ, அப்ப பின்னால தூர இருக்கிற பற்றையோ குளமோ வானமோ வரும், தூரமா இருக்கிறபடியால் தானா மங்கி நிக்கும். பூ அப்பிடியே இருக்க நீங்கள் அரையடி இடமோ வலமோ அரக்கினாப் பின்னணி முழுக்க மாறும், படத்தை அமத்த முதல் அந்த அரையடியைச் செய்து பாருங்கோ.

போனில எடுக்கேக்க பூவில விரலை வைச்சு அமத்திப் பிடிச்சீங்களெண்டால் ஃபோக்கஸ் அதிலயே நிக்கும், பிறகு பக்கத்தில வாற அடையாளத்தை மேல கீழ இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சிவப்பு, மஞ்சள் பூவுக்குக் கொஞ்சம் குறையுங்கோ. கார்த்திகைப் பூ, முள்முருக்குப் பூ எல்லாம் வெயிலில எடுத்தா சும்மா ஒரு சிவப்புப் பொட்டாத்தான் வரும், இதழில இருக்கிற கோடு ஒண்டும் தெரியாது, குறைச்சால்தான் தெரியும். குறைஞ்ச விலைப் போனுகளில மக்ரோ எண்டு ஒரு லென்ஸ் குடுத்திருப்பாங்கள், அதை மறந்திடுங்கோ, மெயின் கமராவால கொஞ்சம் தள்ளி நிண்டு எடுத்துப் பிறகு வெட்டினால் அதைவிட நல்லா வரும். போர்ட்ரைட் மோட் தும்பைப் பூவின்ர ஓரத்தைக் கடிச்சுத் துப்பிடும், அதுவும் வேண்டாம். கமரா வைச்சிருக்கிறவை எஃப் எண்ணை, அதாவது லென்ஸ் துவாரத்தின்ர அளவை, எஃப் 8 பக்கம் வைச்சா கிட்டப் பூவுக்கு முன்னிதழும் பின்னிதழும் ரெண்டும் தெளிவா வரும், எஃப் 2.8 இல எடுத்தா ஒரு மகரந்தத் தண்டு மட்டும் தெளிவா இருக்கும்.

கார்த்திகைப் பூவைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லலாம், அதுதானே எல்லாரும் தேடிப் போறது. அது தலைகீழாத் தொங்குற பூ, இதழ் எல்லாம் மேல மடிஞ்சு நிக்கும், மகரந்தத் தண்டுகள் சுத்திவர வெளிய நீட்டிக்கொண்டு நிக்கும். மேல இருந்து எடுத்தா ஒண்டும் விளங்காது, பக்கத்தில இருந்து, பூவிலும் பாக்கக் கொஞ்சம் பதிஞ்சு எடுக்கவேணும். விரியேக்க பச்சை மஞ்சளா இருந்து நாள் போகப் போகத்தான் சிவக்கும், ஒரே கொடியில மொட்டு, மஞ்சள், சிவப்பு எண்டு எல்லாம் கிடைக்கும், அதுகளை ஒரே படத்துக்குள்ள கொண்டுவரப் பாருங்கோ. இலையின்ர நுனி சுருண்டு பக்கத்துக் கொப்பைப் பிடிச்சிருக்கிறதும் தனிப் படம். ஒண்டு கவனம், அது முழுக்க நஞ்சு, கிழங்குதான் மோசம், கொல்கிசின் எண்ட நஞ்சு. பிடுங்காதேங்கோ, சின்னப் பிள்ளையள் கூட வந்தால் கை வைக்க விடாதேங்கோ.

கூட்டாளியள் பூவுக்கு நல்லா உதவுவினம். மத்தியான வெயிலில ஒருத்தர் குடை பிடிச்சாப் பூவுக்கு மெல்லிய வெளிச்சம். ஒருத்தர் பூவுக்குப் பின்னால தள்ளி நிண்டு தன்ர நிழலைப் பின்னணியில விழுத்தினா பின்னணி இருண்டு பூ மட்டும் எழும்பி நிக்கும். சோத்துப் பார்சல் கட்டின லஞ்ச் சீற்றில சுத்தமானதொண்டை விரிச்சுப் பிடிச்சா நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் திரும்பும். காத்து அடிச்சுப் பூ ஆடினா ஒருத்தர் காத்துப் பக்கமாக் குந்தி மறைக்கலாம், அதுக்கும் நிக்காட்டி பத்துப் படம் தொடர்ச்சியா எடுங்கோ, ஏதோ ஒண்டு நிக்கும். மறைக்குது எண்டு பக்கத்துச் செடியைப் பிடுங்கிறதையும், தண்ணி தெளிச்சுப் பனித்துளி காட்டுறதையும் நான் விரும்புறதில்லை, செடியை மெல்ல வளைச்சுப் பிடிச்சிட்டு விடலாம்தானே.

பேர் தெரியாத பூவெண்டால் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு வராதேங்கோ. இலை, தண்டு, பூவின்ர பின்பக்கம், முழுச்செடி நிக்கிற இடம் எல்லாம் ஒவ்வொண்டு எடுங்கோ, அளவுக்கு விரலையும் பக்கத்தில வையுங்கோ. செடி, பூச்சி, பறவைப் படம் போட்டுப் பேர் கேக்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில போட்டா பேர் சொல்ல ஆக்கள் இருக்கினம், ஆனா அதுக்கு முதல் ஊரில மாடு மேய்க்கிற ஐயாவிட்டக் காட்டுங்கோ, அவர் பேரும் சொல்லுவார், எந்த வருத்தத்துக்கு அவிச்சுக் குடிக்கிறது எண்டும் சொல்லுவார், மாடு தின்னுமோ தின்னாதோ எண்டும் சொல்லுவார்.

குருவி

குந்துற இடத்தைத் தெரியிறதுதான் பெரிய வேலை. துருசுக்கு, அதுதான் குளத்துத் தண்ணி திறந்துவிடுற மதகுக்குப் பக்கத்தில, வாய்க்கால் ஓரத்தில, தண்ணிக்குள்ள நிக்கிற பட்ட மரத்துக்கு முன்னால, பழம் பழுத்த ஆலமரத்துக்குக் கீழ. மருத மரத்தில சாஞ்சு குந்தினா உங்கட உருவம் மரத்தோட சேர்ந்திடும். குந்தினாப் பிறகு கதை, எழும்புறது, பணிஸ் பையைச் சரசரக்கிறது எல்லாம் நிப்பாட்டவேணும், ஒரு கால் மணித்தியாலம் போனா இடம் திரும்பப் பழைய மாதிரி வரும், முதல் எழும்பிப் போன குருவியே திரும்பி வரும்.

சில குருவி தொடங்கிற ஆக்களுக்கெண்டே இருக்கு. பஞ்சுருட்டான் ஒரு கம்பியிலயோ காய்ஞ்ச கொப்பிலயோ இருந்து எழும்பிப் போய் பூச்சியைப் பிடிச்சுக்கொண்டு அநேகமா அதே கொப்புக்குத்தான் திரும்பும், வந்து பூச்சியைக் கொப்பில அடிச்சு அடிச்சுத்தான் தின்னும். அதால அது போனவுடன கமராவை அது பின்னால கொண்டு போகாமல் வெறுங்கொப்பில ஃபோக்கஸ் வைச்சுக்கொண்டு நில்லுங்கோ. மீன்கொத்தியும் அப்பிடித்தான். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணிக்கு மேல ஒரே இடத்தில சிறகடிச்சு நிண்டு பாத்துத்தான் பாயும், பறக்கிற படம் எடுத்துப் பழக அதிலும் பாக்க லேசான பறவை இல்லை. பனங்காடை இருக்கேக்க சும்மா மண்ணிறம், சிறகு விரிக்கத்தான் நீலம், அது எழும்புற நேரத்துக்குக் காத்திருக்கவேணும். கொண்டலாத்தி நிலத்தில நடந்து கிளறும், இறங்கின அந்த நொடிதான் கொண்டையை விரிக்கும். தாமரை இலைக்கு மேல நடக்கிற இலைக்கோழிக்கு வால் நீளமா வந்திருக்கிற காலத்தில முட்டையில இருக்கிறது ஆண், அதைக் கலைக்காமல் தூர நிண்டே எடுங்கோ.

மரங்கொத்தியைக் கண்டா முதுகின்ர நிறத்தைக் கட்டாயம் எடுங்கோ. எங்கட வடக்கில முதுகு பொன் மஞ்சள், தெற்கப் போனா சிவப்பு முதுகு, இடையில இருக்கிற பிரதேசத்தில ரெண்டும் கலந்து செம்மஞ்சளா நிக்கும். வவுனியாவுக்குத் தெற்கப் போற ஆக்கள் வழியில எடுத்த மரங்கொத்திப் படங்களை ஒண்டோடொண்டு வைச்சுப் பாத்தாலே நல்ல சுவாரசியமான வேலை. காட்டோரத்தில விடியவும் பொழுதுபடவும் ரெண்டு சுருதியில விசிலடிக்கிற ஆறுமணிக்குருவி மாரியோட வாற விருந்தாளி, சத்தம் கேக்கும், ஆள் சருகுக்குள்ள நிக்கும். போனில அதின்ர சத்தத்தைப் போட்டுக் கூப்பிடுற வேலை வேண்டாம், தன்ர இடத்துக்கு வேற ஒண்டு வந்திட்டுது எண்டு அது சாப்பாட்டை விட்டிட்டு அலையும். மேர்லின் செயலியைச் சத்தம் கேட்டுப் பேர் அறிய மட்டும் பாவியுங்கோ.

செற்றிங் பற்றி நீளமா எழுத விருப்பமில்லை. இருக்கிற பறவைக்கு சட்டர் வேகம் செக்கனில 1/500 இலும் குறையாமல், பறக்கிறதுக்கு 1/1600 அல்லது மேல, ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணருற அளவை, ஆட்டோவில விடுங்கோ, கொஞ்சம் புள்ளி விழுந்த தெளிவான படம் ஆடின படத்திலும் பாக்க நல்லது. வெள்ளைக் கொக்குக்கும் நாரைக்கும் வெளிச்சத்தை மைனஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கோ, இல்லாட்டி இறகெல்லாம் வெளிறி வெறும் வெள்ளைத் தாள். காகம், நீர்க்காகம், கரிக்குருவிக்கு எதிர்ப்பக்கம். ஃபோக்கஸ் கண்ணில. கண் தெளிவா இருந்தா வால் மங்கினாலும் ஆரும் கேக்கமாட்டினம், கண் மங்கினா வேற என்ன நல்லா இருந்தும் பிரயோசனமில்லை. பருந்து மாதிரிப் பெரிய பறவை எழும்ப முதல் முன்னுக்குச் சரியும், எச்சமும் போடும், கண்ட உடன விரலைத் தயாரா வையுங்கோ.

கூடு கண்டா என்ன செய்யிறது எண்டு கூட்டத்தில முதலே கதைச்சு வையுங்கோ. ஆட்காட்டி தலைக்கு மேல சுத்திக் கத்துது எண்டால் முட்டை உங்கட காலடியில எங்கயோ கல்லோட கல்லாக் கிடக்கு, வந்த வழியே காலை வைச்சுத் திரும்புங்கோ. தூக்கணாங்குருவிக் கூட்டை எடுக்கலாம், அது உயரத்தில தொங்கும், ஆனா மறைக்கிற ஓலையை வெட்டாதேங்கோ. நீங்கள் ஒரு கூட்டுக்கு முன்னால பத்து நிமிசம் நிக்கிறதைக் காகம் பாத்துக்கொண்டிருக்கும், நீங்கள் போனவுடன அது வரும்.

கூட்டமாப் போறது

கனக்கப் பேர் எண்டால் சத்தம், நாலைஞ்சு பேர்தான் அளவு. ஒருத்தருக்குப் பைனாகுலர் வேலை மட்டும் குடுங்கோ, அவர் படம் எடுக்கக்கூடாது, பாத்துச் சொல்லவேணும். கையை நீட்டிக் காட்டாமல் மணிக்கூட்டுக் கணக்கில, நேர முன்னுக்குப் பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூண்டு மணி எண்டு வைச்சுச் சொல்லப் பழகுங்கோ, “பட்ட மரம், ரெண்டு மணிப் பக்கம், கீழ்க் கொப்பு”. “அங்க பார் மச்சான்” எண்டு கத்தினா அங்க பாக்க ஒண்டும் இருக்காது. வெள்ளைச் சேட், மின்னுற சேட் வேண்டாம், மங்கின பச்சை, மண்ணிறம் நல்லது. அதுக்காக ஆமி உடுப்பு மாதிரிப் புள்ளி போட்ட துணியை ஒன்லைனில வாங்கிப் போடாதேங்கோ, இஞ்ச அது சட்டப்படியே பிரச்சனை. முகாம், செக் பொயின்ற் பக்கம் கமராவைத் தூக்காதேங்கோ, பெரிய லென்ஸ் தூரத்தில இருந்து பாக்கிறவைக்கு வேற மாதிரித் தெரியும். அதே மாதிரி, குளத்தில சனம் குளிக்கிற துறைப் பக்கம் லென்ஸைத் திருப்பவே கூடாது, அந்தத் துறையில ஆள் நிக்கேக்க மீன்கொத்தி வந்தாலும் விட்டிடுங்கோ. கட்டில ஏறேக்கயே அங்க நிக்கிற அண்ணைமாருக்கு என்ன எடுக்க வந்தனாங்கள் எண்டு சொல்லிப்போட்டா அவையே நேற்று எந்த மரத்தில என்ன நிண்டது எண்டு சொல்லுவினம்.

இப்ப முக்கியமானது. வன்னியில பூவுக்காகப் பாதையை விட்டு இறங்க முதல் யோசிக்கவேணும். மிதிவெடி அகற்றுற வேலை இன்னும் முழுசா முடியேல்லை, சிவப்புப் பலகையில மண்டையோடு போட்டிருந்தா, சிவப்புத் தடியோ நாடாவோ கட்டியிருந்தா, அதுக்கு அங்கால எவ்வளவு வடிவான பூ நிண்டாலும் அது உங்கட பூ இல்லை. பலகை இல்லாத இடத்திலும் மாடும் மனிசரும் நடந்து தேய்ஞ்ச பாதையில மட்டும் நில்லுங்கோ, தெரியாத ஊரெண்டால் ஊர்ச் சனத்திட்ட முதல் கேளுங்கோ. மண்ணுக்குள்ளால இரும்பு மாதிரி ஏதும் தெரிஞ்சால் தொடாமல், அடையாளம் வைக்கிறம் எண்டு கல்லும் எறியாமல், வந்த வழியால திரும்பிப் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கோ.

யானை இருக்கிற பக்கம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடு மாதிரி இடங்களில, நல்லா வெளிக்க முதல் காட்டு றோட்டில இறங்காதேங்கோ, புது லத்தி கண்டால் அண்டைக்கு அந்தப் பக்கம் இல்லை. மடுவும் சுண்டிக்குளமும் தேசியப் பூங்கா, உள்ளுக்குப் போறதெண்டால் வனசீவராசித் திணைக்களத்தின்ர ஆக்களிட்டக் கேட்டுத்தான் போகவேணும். அல்லிப் பூவுக்குத் தண்ணி விளிம்பில படுக்க ஆசை வரும், முதலை இருக்கிற குளமோ எண்டு கேட்டிட்டுப் படுங்கோ, ஒருத்தர் பக்கத்தில தண்ணியைப் பாத்துக்கொண்டு நிக்கட்டும். சருகுக்குள்ள முழங்கால் ஊண்ட முதல் ஒரு தடியால தட்டுங்கோ, புடையன் அசையாமல் கிடக்கிற பாம்பு. சப்பாத்து, நீளக் காற்சட்டை, தண்ணி, தொப்பி. வீட்ட வந்து உண்ணி ஏறியிருக்கோ எண்டும் பாருங்கோ, முழங்காலுக்குப் பின்னாலயும் இடுப்பிலயும்தான் ஒளிச்சிருக்கும்.

வந்தாப் பிறகு

அண்டைக்கே படங்களைப் பாத்து அழியுங்கோ, நாளைக்கு எண்டு விட்டா ஆயிரக்கணக்கில சேந்து ஒருநாளும் பாக்கமாட்டியள். ஒரே கொக்கின்ர நாப்பது படத்தில ரெண்டு காணும். குளத்தின்ர பேரையும் மாசத்தையும் போல்டருக்குப் போடுங்கோ, அடுத்த வருசம் அதே மாசம் போகேக்க எந்தப் பற்றையில என்ன பூத்தது எண்டு தெரியும். கண்ட பறவையளை ஈபேர்ட் எண்ட பறவைப் பதிவுத் தளத்தில ஏத்துங்கோ, வடக்கில இருந்து போற பதிவு ஒவ்வொண்டும் பிரயோசனம். கூட்டத்துக்குள்ள படம் பகிரேக்க வட்ஸ்அப்பில சும்மா அனுப்பினால் அது நசுக்கிப்போடும், டொக்கியுமென்ற் எண்டு தெரிவு செய்து அனுப்பினா முழுசாப் போகும். கூட்டுப் படத்தையும் அரிய பூவையும் பேஸ்புக்கில போடுறதெண்டால் இடத்தைச் சொல்லாமல் மாவட்டத்தின்ர பேரோட நிப்பாட்டுங்கோ, போனில லொக்கேசன் ஓன் பண்ணி எடுத்திருந்தால் அந்த டொக்கியுமென்ற்றுக்குள்ள இடமும் சேந்துதான் போகும், வெளி ஆக்களுக்கு அனுப்ப முதல் அதை எடுத்துவிடுங்கோ.